குருதியும் பெயர்ச்சீட்டும்

வரலாறு என்றவுடன் அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டுமே நம் மாணவர் நினைவிற்கு வருதல் இயல்பு. பரீட்சை வினாத்தாளும் அவ்வியல்புக்குத் துணை நிற்கின்றது. ஆயினும், வைத்தியசாலைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் சீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரத்தப் பையின்மேல் ஒட்டிய சிறு தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒருவர் குருதியை மற்றொருவர் உடலிற் செலுத்தும் கலை எவ்வாறு வளர்ந்தது, அக்கலையில் நேர்ந்த பிழைகளை மருத்துவரும் நீதிமன்றங்களும் எக்கண்கொண்டு நோக்கினர் என்பவற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை ஆராயத் தலைப்பட்டமைக்கு என் சொந்த அனுபவமொன்றும் காரணமாம். அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

கண்டி மாநகருக்கு அணித்தாக, உடுநுவரைப் பகுதியில் எலதெத்த என்றோர் ஊர் உண்டு. கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டு பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் கைதியாய்க் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் அவ்வூரில் வீடு கட்டி வசித்தான். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும் அவன் நாட் கழித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அவன் பிறந்த நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஒக்ஸ்போட் நகரில் றிச்சட் லோவர் என்னும் மருத்துவர் 1665ஆம் ஆண்டளவில் ஒரு நாயின் குருதியை மற்றொரு நாயின் நாளத்துட் செலுத்தி அதனைப் பிழைக்கச் செய்தார். 1667ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், இலண்டன் அரச கழகத்தார் கூடிய அரண்டெல் மாளிகையில், ஆதர் கோகா என்பவனுக்கு ஆட்டின் குருதி ஏற்றப்பட்டது. அதற்காக அவனுக்குக் கொடுத்த கூலி இருபது சிலிங். கோகா பிழைத்துக்கொண்டான். நொக்ஸ் 1679இல் தப்பியோடித் தன் ஊர் சேர்ந்து 1681இல் இலங்கை வரலாற்று நூலை வெளியிட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர், அவ்வரச கழகத்தின் சோதனைகளுக்குப் பொறுப்பாயிருந்த றொபேட் ஹூக் ஆவர். கண்டிச் சீமையைப் பற்றி ஐரோப்பியர் படித்தறிந்த நூலும், குருதியேற்றலைப் பற்றிய முதற் சோதனைகளும் ஒரே அறிஞர் குழாத்தின் கைப்பட்டே வெளிவந்தன என்பது நம் மாணவர் அறிந்திருக்கத் தக்கதொன்று.

எனினும், குருதியேற்றலை நீதிமன்றப் படியேற்றிய பெருமை பாரிசு நகருக்கே உரியது. அங்கு சான் பப்ரிஸ்ற் டெனி என்னும் மருத்துவர் 1667ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் குருதியை ஏற்றினார். அவன் தீங்கின்றித் தப்பினான். அதனால் ஊக்கமுற்று, அவ்வாண்டு டிசம்பரில் அந்துவான் மொறுவா என்னும் பித்தர் ஒருவருக்குக் கன்றின் குருதியை ஏற்றத் துணிந்தார். சாதுவான விலங்கின் குருதி பித்தனைச் சாந்தப்படுத்தும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. இரண்டாம் முறை ஏற்றியபோது நோயாளியின் கை சுட்டது, நாடி விரைந்தது, இடுப்பு வலித்தது, வியர்வை பெருகிற்று. மறுநாள் அவர் கழித்த சிறுநீர் அடுப்புக்கரி கலந்தாற்போற் கறுத்திருந்தது. டெனி இதனைக் கண்டார், குறித்தும் வைத்தார், பித்தத்தை விளைத்த கரும்பித்த நீரே வெளியேறுகின்றது என மகிழ்ந்தும் போனார்! ஒவ்வாத குருதியின் செவ்வணுக்கள் உடைந்து, அவற்றின் நிறப்பொருள் சிறுநீரகத்தின் வழியே கழியும்போது தோன்றும் குறியே அஃது என்பது இன்று உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவனும் சொல்லக்கூடியதாகும். கண்முன் கிடந்த சான்றைக் கையில் எடுத்தும் அதன் பொருளை மாறாகக் கொண்டார் அம்மருத்துவர்.

1668ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூன்றாம் முறை முயன்றதையடுத்து மொறுவா இறந்தார். வழக்கு சாத்தலே நீதிமன்றத்துக்குச் சென்றது. ஏப்பிரல் மாதத்தில் வந்த தீர்ப்பு டெனியைக் குற்றத்தினின்றும் விடுவித்தது. நோயாளியின் மனைவி நஞ்சிட்டாள் என்பதே நீதிபதி கண்ட முடிவு. ஆயினும், பாரிசு மருத்துவ பீடத்தார் ஒருவரின் இசைவின்றி இனி எவர்க்கும் குருதியேற்றலாகாது எனவும் அந்நீதிபதி விதித்தார். அப்பீடத்தாரோ இப்புதுமையைப் பகைத்தவர். ஆதலின், இசைவு கிடைக்கவில்லை. ஐரோப்பாவிற் குருதியேற்றல் நூற்றைம்பது ஆண்டு உறங்கிற்று. இவ்வழக்கை நான் படிக்குந்தோறும் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கொன்றவர் யார் என்று நீதிமன்றம் துருவித் துருவிக் கேட்டது. அக்கறுத்த சிறுநீர் எதனால் வந்தது என்று எவரும் கேட்டிலர். ஏழைப் பெண்ணொருத்தி கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். பழி அவள்மேல் இறங்கிற்று. பிழையின் வேரைத் தேடாது கடைசியாய்த் தொட்ட கையைத் தேடும் வழக்கம் அன்றே தொடங்கியது எனலாம்.

இடைக்கால வரலாற்றை விரைந்து கடப்போம். இலண்டனில் மகப்பேற்று மருத்துவர் சேம்ஸ் பிளண்டெல், பிள்ளைப்பேற்றின்போது குருதி பெருகி மாயும் பெண்களைக் கண்டு மனம் வருந்தி, மனிதர்க்கு மனிதர் குருதியே தகும் என்று தெளிந்து, 1818 முதற் சில முறை அதனை ஏற்றினார். சிலர் பிழைத்தனர், சிலர் மடிந்தனர். காரணம் அவருக்கும் விளங்கவில்லை. அதனை விளக்கியவர் வியன்னாவிற் பணியாற்றிய கால் லான்ட்ஸ்ரைனர். மனிதர் குருதி ஒரே வகையன்று என்பதை 1901ஆம் ஆண்டு அவர் நிறுவினார். ஏ வகைக் குருதியுடையாரின் ஊனீரில் பீ வகை அணுக்களை எதிர்க்கும் பொருள் உண்டு. பீ வகையாரிடம் ஏ வகையை எதிர்க்கும் பொருள் உண்டு. ஓ வகையாரிடம் இரண்டும் உண்டு. நான்காவதாகிய ஏபீ வகை அடுத்த ஆண்டில் அறியப்பட்டது. 1930இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1940இல் அவரும் அலெக்சாந்தர் வீனரும் றீசசுக் காரணியையும் கண்டுரைத்தனர். இதனோடு அறியாமையால் நேர்ந்த பிழையின் காலம் பெரும்பாலும் முடிந்தது.

அவ்வாறாயின், அதன் பின்னும் மக்கள் மாண்டது எதனால்? இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். முற்காலத்திற் குருதி கொடுப்போனும் கொள்வோனும் அருகருகே கிடந்தனர். ஒருவன் கையினின்றும் குழாய் வழியே மற்றவன் கைக்குக் குருதி சென்றது. யாருடைய குருதி யாருக்குச் செல்கின்றது என்று எவரும் வினவவேண்டியதில்லை, கண்ணே சாட்சி. 1914, 1915ஆம் ஆண்டுகளிற் சோடியஞ் சித்திரேற்றுக் கலந்தாற் குருதி உறையாது என்பது தெளிந்தது. 1937இல் சிக்காகோ நகரின் குக் கவுண்டி வைத்தியசாலையில் பேணாட் பான்ரசு குருதியைச் சேமிக்கும் நிலையமொன்றை அமைத்து, அதற்கு 'இரத்த வங்கி' எனப் பெயருமிட்டார். எண்ணற்ற உயிர்களைக் காத்த ஏற்பாடு அஃது என்பதில் ஐயமில்லை. ஆனால், அன்றுதொட்டுக் குருதி தன்னைத் தந்த உடலை விட்டுப் பிரிந்தது. போத்தலிலும் பின்பு பையிலும் அடைபட்ட குருதிக்கு முகம் இல்லை. முகத்துக்குப் பதிலாக வந்தது சீட்டு. சீட்டிலுள்ள எழுத்தும் இலக்கமும் சரியாயின் அது மருந்து, மாறின் நஞ்சு. விஞ்ஞானம் வென்ற பின் எஞ்சிய பிழை, பெயரின் பிழையே.

இதனை என் கற்பனையாகக் கொள்ளற்க. பிரித்தானியாவிற் குருதியேற்றலின் தீங்குகளைத் தொகுத்து ஆராயும் திட்டமொன்று 1996இல் தொடங்கியது. பிழைகளுட் பெரும்பாலன ஆய்வுகூட அறிவுக் குறையால் நேர்வன அல்ல என்பதை அது மீண்டும் மீண்டும் காட்டியுள்ளது. மாதிரிக் குழாயிற் பெயர் மாற எழுதியமையும், கட்டிலருகே நோயாளியை யாரென உறுதிப்படுத்தாமையும் அதன் ஏடுகளில் முன்னிற்கின்றன. மற்றுமொன்று: பையைக் கண்மூடித்தனமாக மாற்றிக் கொடுத்தாற்கூட, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறையே வகை முரண்படும். ஏனைய இரு முறையும் பிழை நேர்ந்தும் தீங்கு நேராது. தீங்கு நேராத பிழையை யார் எழுதிவைப்பர்?

நம் மலைநாட்டில் இப்பெயர்ப் பிரச்சினை இன்னும் சிக்கலானது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியே நடந்து கண்டித் தோட்டங்களைச் சேர்ந்த மக்களின் பெயர்கள், கங்காணி சொல்லத் துரைமார் ஆங்கிலத்தில் எழுதியவை. செக்றோலில் ஒருவன் பெயரைக் காட்டிலும் அவன் இலக்கமே பெரிது. 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டத்தின் பின் தோட்ட மக்களுக்கு வைத்திய வசதி ஓரளவு கிட்டியபோதும், அவ்வெழுத்தே அவர்களோடு வைத்தியசாலைக்குஞ் சென்றது. பாட்டன் பெயரைப் பேரனுக்கிடுவது நம் மரபு. ஒரு லயத்தில் மூன்று இராமசாமியும், நான்கு இலட்சுமியும் இருத்தல் வியப்பன்று. சிங்கள மக்களின் வாசகமப் பெயர் ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்துக் காட்டும். தோட்டத் தமிழருக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே துணை; படிவத்தை நிரப்புவோர் சிலர் தந்தையின் பெயரையே நோயாளியின் பெயராக எழுதிவிடுவதும் உண்டு. 1956இற் சிங்களம் ஆட்சிமொழியாயிற்று. 1987இற் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து சேர நாட் செல்கின்றது. வகுப்பு வரவுப் பதிவேட்டில் ஒரே பெயருடைய இருவரை வைத்துக்கொண்டு இடர்ப்படும் ஆசிரியனாகிய எனக்கு இஃது ஏட்டறிவன்று.

இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. என் தாயார் மலைநாட்டு வைத்தியசாலையொன்றில் இருந்தார். அடுத்த கட்டிலில் தோட்டத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர். இருவர் பெயரும் ஒன்றே. முதலெழுத்து மாத்திரம் வேறு. ஒரு நாட் பின்னேரம் இரத்தப் பையொன்று வந்தது. தாதி மூதாட்டியின் கட்டிலருகே நின்று பெயரைச் சொல்லி, இன்னார்தானே என்று சிங்களத்தில் வினவினார். மூதாட்டி, "ஓவ் மிஸ்" என்றார். அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவே. எதைக் கேட்டாலும் அதையே சொல்வார். குழாய் பொருத்தப்பட்டது. சில நிமிடத்துள் அவருக்கு நடுக்கம் கண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நோவுதே, தம்பி, நோவுதே" என்று என்னைப் பார்த்து முனகினார். நான் எழுந்து கூவினேன். பயிற்சித் தாதிப்பெண் ஒருத்தி ஓடிவந்து குழாயை மூடினாள். அப்போதுதான் பையிலிருந்த முதலெழுத்தை நான் கண்டேன். அஃது என் தாயாரின் முதலெழுத்து.

மூதாட்டி உயிர் தப்பினார். மறுநாள் அவர் மகள் வந்தபோது, இரவு காய்ச்சல் கண்டது என்று மாத்திரம் சொல்லப்பட்டது. நான் அருகிலேயே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. என் தாயார் இன்னும் அக்கட்டிலிற்றான் கிடந்தார். அவரைப் பார்ப்பவர்களும் அதே தாதியரும் அதே வைத்தியருமே. அவர்களைப் பகைக்க என் மனம் துணியவில்லை. அத்தாதியையும் நான் தீயவர் எனக் கருதவில்லை. அன்று அவர் ஒருவரே அவ்வளவு கட்டில்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பெயரைத் தாமே சொல்லி 'ஆம்' என்ற விடை பெறுதல் தவறு, உம் பெயர் என்ன என்று கேட்டு நோயாளியின் வாயிலிருந்தே வருவித்தல் வேண்டும் என்பது குருதியேற்றலின் முதல் விதிகளுள் ஒன்று. அதனைப் பின்னாளிற் படித்தறிந்தேன். அவ்விதியும் நோயாளிக்கு விளங்கும் மொழியிற் கேட்டாலன்றோ பயன்படும்!

இனி, இக்காலத்து நீதிமன்றங்களை நோக்குவாம். சண்டிகர் நகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், 1996ஆம் ஆண்டு தீக்காயமுற்ற பெண்ணொருவர் சேர்க்கப்பட்டிருந்தார். அவர் குருதி ஏ வகை. மே மாதத்தில் அவருக்கு ஏற்றப்பட்டதோ பீ வகை. சூலை 1ஆம் நாள் அவர் இறந்தார். தீக்காயத்தால் உண்டான கிருமித் தொற்றே சாவுக்குக் காரணம் என்று நிறுவனம் வாதித்தது. வழக்கு நுகர்வோர் ஆணைக்குழுக்களைக் கடந்து இந்திய உயர்நீதிமன்றத்தை அடைந்து, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. நோயை இன்னதென ஊகிப்பதில் வல்லுநரும் தவறலாம், அத்தவற்றை மன்னிக்கலாம். மாற்றுக் குருதியை ஏற்றுதலோ அத்தகையதன்று, அது கவனக்குறைவு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவப் புலமையின் பிழை வேறு, பெயர்ச்சீட்டின் பிழை வேறு என்பதைப் பாரிசு நீதிபதி காணாத இடத்தில் தில்லி நீதிபதிகள் கண்டனர்.

தமிழ்நாட்டுச் சாத்தூரில் நேர்ந்ததோ மறுதலையானது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கருவுற்ற பெண்ணொருவருக்கு அரச வைத்தியசாலையில் ஏற்றப்பட்ட குருதியில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அக்குருதி சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்த இளைஞன் 2016ஆம் ஆண்டிலும் இரத்தம் கொடுத்திருந்தான். அன்றே அவனுக்குத் தொற்றுண்டு எனச் சோதனை காட்டியிருந்தும் அவனுக்கு அஃது அறிவிக்கப்படவில்லை. வெளிநாடு செல்வதற்குச் செய்த மருத்துவப் பரிசோதனையில் உண்மையை அறிந்தவுடன், தான் கொடுத்த இரத்தத்தைப் பிறர்க்கு ஏற்றவேண்டாம் என்று சொல்ல அவனே சென்றான். அதற்குள் அது ஏற்றப்பட்டுவிட்டது. அவ்வாண்டு முடியுமுன் அவ்விளைஞன் மாண்டான். குழந்தை தொற்றின்றிப் பிறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. இங்கு நோயாளியின் பெயரன்று, கொடுத்தவனின் பெயரே பதிவேட்டில் வாளா கிடந்தது. ஈராண்டு முன் எழுதிய ஒரு வரியை எவரேனும் எடுத்துப் படித்திருந்தால் இரு குடும்பங்கள் கெட்டிரா. பத்திரிகைகள் அவ்விளைஞனைப் பற்றிச் சிறிதே எழுதின. அவன் நேர்மையை நான் பெரிதாகவே கருதுகின்றேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இத்துறையில் இலங்கை பின்தங்கியது என்று எவரும் சொல்லார். 1987 முதல் இங்கு கொடை இரத்தம் எச்.ஐ.வி.க்குச் சோதிக்கப்படுகின்றது. 2014ஆம் ஆண்டளவிற் கொடை முழுவதும் கைம்மாறு கருதாதோரிடமிருந்தே பெறப்படும் நிலையை நாடு எய்தியது. பேராதனையில் 1962இல் தொடங்கிய மருத்துவ பீடம் இக்கண்டிச் சீமைக்கு அளித்த வைத்தியர் எண்ணற்றோர். குறை வேறிடத்தில் உள்ளது. இங்கு மருத்துவப் பிழையால் வருந்துவோர் நாடவேண்டியது உறோமன் டச்சுச் சட்டத்தையே. 1815இற் கண்டி வீழ்ந்த பின் மலைநாட்டாருக்குக் கண்டிச் சட்டம் காக்கப்பட்டதெனினும், அச்சட்டம் வாய் திறவாத இடங்களில் உறோமன் டச்சுச் சட்டமே செல்லும் என 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அரச வைத்தியசாலையின் தவற்றுக்காக முடியின்மேல் வழக்கிடும் உரிமையோ 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை எவருக்கும் இருக்கவில்லை. அதன் பின்னும் வழி எளிதன்று. 1992இற் கொழும்பில் இறந்த சிறுமி ஒருத்தியின் தந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவர்மேல் தொடுத்த வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 250,000 ரூபாயாகக் குறைத்தது. 2001இல் உயர்நீதிமன்றம் கவனக்குறைவு இருந்ததை ஏற்றும், அதுவே சாவுக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை எனக் கூறி அத்தொகையையும் நீக்கியது. அச்சிறுமிக்கு இருந்தது மூளைக் கட்டி. ஆதலின், அத்தீர்ப்பைச் சட்ட நோக்கிற் பிழையெனக் கூறுதல் எளிதன்று. ஆனால், காரணத்தை நிறுவும் பாரம் முழுவதும் நோயாளியின் தோளிலேயே கிடக்கின்றது என்பதற்கு அது நல்ல சான்று. கல்வியும் பொருளும் உடைய தந்தைக்கே அப்பாரம் அவ்வளவாயின், "ஓவ் மிஸ்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அறியாத மூதாட்டி எதைக் கொண்டு நிறுவுவார்? அவர் தலைமாட்டுச் சீட்டில் இருந்தது காய்ச்சல் என்னும் ஒரு சொல்.

பல ஆண்டு கழித்து, பட்டத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், காலவரையறைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை ஒரு நாள் வாசித்தேன். 1871ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஊறுபட்டோர் இரண்டு ஆண்டினுள் வழக்கிடல் வேண்டும் என்கின்றது. புத்தகத்தை மூடிவைத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அம்மூதாட்டிக்குரிய இரண்டு ஆண்டும் முன்னமே கழிந்திருந்தன. அவருக்கு அப்படியொரு கணக்கு ஓடியதே தெரியாது. தெரிந்திருந்தவன் நான் ஒருவனே.